ஆறாம் வகுப்புக்கு ஒரு அத்தை

“ஹூ இஸ் ஷி?” என்று ஆய்வுக்கு வந்த அதிகாரி கேட்டார்.

இரண்டாவது பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த உயரமான பெண்ணைத்தான் கை காட்டினார். கேள்வி பாண்டிக்கு. பாண்டி எழுந்து பெல்ட்டை ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டு, “ஷி இஸ் மை ஆண்ட், சார்” என்றான்.

அதிகாரி சிரித்தார். பையன் பயத்தில் உளறுகிறான் என்று நினைத்திருப்பார். அடுத்திருந்த செல்வியிடம் அதே கேள்வியைக் கேட்டார். “ஷி இஸ் மை ஆண்ட், சார்.” சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. நடந்து கடைசி பெஞ்சுக்குப் போனார். அங்கேயும் ஆண்ட். ஜன்னல் ஓரப் பையனிடம் கேட்டார். அவனுக்கும் ஆண்ட்.

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தலைமையாசிரியரைப் பார்த்தார். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே கருவேலங்காடுதான் நின்றது. அதனிடம் உதவி கேட்க முடியாது.

‘டீச்சர் கதை விடுறாங்க’ என்று இந்நேரம் உங்களில் பாதிப் பேர் முடிவு கட்டியிருப்பீர்கள். போன வாரம் இதே பத்தியில் சத்துணவு முட்டையைப் பற்றி நான் எழுதியதையே ஒருவர் நம்பவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, இறங்கும்வரை குறுக்கு விசாரணை செய்தார். இந்த வாரம் அவருக்கு இன்னும் கஷ்டம்தான்.

சீக்கிரம்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற வழியில் விலகி உள்ளே போனால் அந்த ஊர். பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் ஊரே பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்து, ‘எங்களப் பத்தி என்ன எழுதியிருக்கீக?’ என்று கேட்கும். கேட்டுவிட்டுச் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்கள்.

மானாவாரி பூமி. மழை பெய்தால் கொத்தமல்லி, உளுந்து. பெய்யாவிட்டால் பஞ்சு மில். மில் வேனில் ஊர்ப் பெண்கள் பாதிப் பேர் போனது போதாமல், வெளி மாநிலத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். அப்படி வந்த ஒருவர்தான் பள்ளிக்கூடம் திறந்து சில நாள் கழித்து ஒரு காலையில் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்.

அவருக்குத் தெரிந்த தமிழ் எல்லாம் மில்லில் அவரிடம் சொல்லப்பட்ட தமிழ். ‘வா’, ‘போ’, ‘சீக்கிரம்’, ‘லீவு கிடையாது’. அதை மட்டும் வைத்துக்கொண்டு மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வந்துவிட்டார். தலைமையாசிரியரைக் கும்பிட்டார். மகளை முன்னால் தள்ளினார். “சீக்கிரம்” என்றார்.

“இந்திக்காரரு போல டீச்சர். நீங்க ரெண்டு வார்த்த பேசிப் பாருங்க” என்றார் தலைமையாசிரியர். எனக்குத் தெரிந்த இந்தி டிவி விளம்பரத்தில் வந்த இந்தி. சோப்பு விற்பதற்குப் போதும். அட்மிஷன் போட முடியாது. நான் பேசி முடித்ததும் அவர் பணிவாகத் தலையசைத்து, “ஒடியா” என்றார். ஒடிசாக்காரர்.

பெண்ணின் பேர் சஞ்சுக்தா. வயதுக்கு ஆறாம் வகுப்பு. தலையில் எண்ணெய் வழிய வாரி, இரட்டைப் பின்னல் போட்டிருந்தாள். வகுப்பில் எல்லாரையும்விட உயரம். வந்து உட்கார்ந்தவள் வாயைத் திறக்கவில்லை. கணக்கு சார் கேட்டாலும் திறக்கவில்லை, நான் கேட்டாலும் திறக்கவில்லை. ஆஜர் சொல்லக்கூட கைதான் தூக்குவாள்.

ஆகஸ்ட் வாக்கில் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். அந்த ஊரே அவருக்குச் சொந்த ஊர். ஆய்வு என்ற வார்த்தையைக் கேட்டால் மட்டும் பழைய பதிவேட்டையெல்லாம் எடுத்துத் தூசி தட்ட ஆரம்பித்துவிடுவார்.

“அந்த ஒடிசா பிள்ளைய ஒண்ணாப்புல போட்டுருவோம் டீச்சர். அ, ஆவன்னாவுல இருந்து வரட்டும்.”

“வயசுக்கு ஏத்த வகுப்புலதான சார் வைக்கணும்?”

“வையுங்களேன், யாரு வேணாங்குறா? பேரு ஆறாப்புல இருக்கட்டும். ஆளு ஒண்ணாப்புல உக்காரட்டும்.”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் ஒன்றாம் வகுப்பில் பாயில்தான் உட்கார வேண்டும். நிக்கரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மூக்கை உறிஞ்சும் சிறுசுகளுக்கு நடுவே இவ்வளவு உயரமான பெண் காலை மடக்கி உட்கார்ந்திருப்பதை நினைத்தேன். அப்படி ஒருநாள் உட்கார்ந்தால், மறுநாள் வர மாட்டாள். வீட்டில் சும்மா இருப்பாளா? கொஞ்ச வருஷத்தில் அவளும் மில் வேனில் ஏறுவாள்.

“ஆய்வுக்கு வர்ற வரைக்கும் விடுங்க சார்” என்று கெஞ்சினேன்.

“அதுக்குள்ள வாயத் தொறந்தா ஆறாப்பு. தொறக்கலைன்னா ஒண்ணாப்பு. அப்பறம் என்னைய ஒண்ணும் சொல்லக்கூடாது.”

ஒப்பந்தம் முடிந்தது. என்ன செய்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

என் வாயில் இருக்கும் மொழிகள்

கொஞ்சம் என் கதை. எங்கள் வீட்டில் பேசுவது கன்னடம். அருப்புக்கோட்டையில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு அதுதான். கோபம் வந்தால் தமிழில் திட்டுவேன், கையெழுத்து இங்கிலீஷில் போடுவேன், வகுப்பில் தலை எண்ணுவது மட்டும் இன்றைக்கும் கன்னடத்தில்தான். டீச்சர் ஏதோ மந்திரம் சொல்றாங்க என்று பிள்ளைகள் அமைதியாகிவிடுவார்கள். அதனால் நானும் மாற்றிக்கொள்ளவில்லை.

ஒரு கல்யாணத்துக்காக பெங்களூரு போயிருந்தேன். நம் மொழி பேசும் ஊராயிற்றே என்று பெருமையாகப் பஸ் கண்டக்டரிடம் எங்கள் வீட்டுக் கன்னடத்தில் முழுசாக ஒரு வாக்கியம் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, “எத்தன டிக்கெட்டும்மா?” என்றார், நல்ல தமிழில்.

இன்னொரு வருஷம், வளைகுடாவில் பிறந்து வளர்ந்து, பக்கத்தில் வீரசோழன் என்ற ஊருக்குத் திரும்பிய ஒரு பிள்ளை எங்கள் பள்ளிக்கு வந்தாள். அத்தா என்று அவள் கூப்பிடும் அப்பா அங்கே கடை வைத்திருந்தவர். அவள் பேசும் இங்கிலீஷ் வேகத்துக்கு இங்கிலீஷ் டீச்சரான எனக்கு வேர்த்தது. தமிழ் எழுத்து கூட்டத் தெரியாமல் அவள் அழுதாள். அவள் இங்கிலீஷைக் கேட்டு நான் அழாத குறைதான். பேசாமல் அவளையே எனக்கு உதவியாளராக வைத்துக்கொண்டு தப்பித்தேன்.

ஆக, ஒரு மொழி தெரியாமல் விழிப்பது எப்படி இருக்கும் என்று எனக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் அரசாங்கம் எடுத்தது. அந்த வருஷம் ஒரு பயிற்சி. “மாணவரின் தாய்மொழியை வகுப்பறைக்குள் வரவேற்க வேண்டும்” என்றார் பயிற்சியாளர். எல்லாரும் கை தட்டினோம். “அந்த மொழியில டீச்சருக்கு ஒரு வார்த்தகூடத் தெரியாதுன்னா எப்பிடி சார் வரவேற்குறது?” என்று கேட்டேன். “மிக நல்ல கேள்வி” என்றார். அதற்குள் வடை வந்துவிட்டது. வடைக்குப் பிறகு அந்தக் கேள்வியை யாரும் கண்டுகொள்ளவில்லை, நான் உட்பட. வடை நன்றாக இருந்தது.

முறை வைத்த கதை

பதில் வகுப்பிலிருந்தே வந்தது.

அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம். ஒரே வகுப்பில் படித்தாலும் பேர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு. முறை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். கோலி விளையாடும்போதே ஒருத்தன் இன்னொருத்தனைச் சித்தப்பா என்பான். சித்தப்பா கள்ள ஆட்டம் ஆடினால் அடியும் விழும், ஆனால் ‘சித்தப்பா’ என்று சொல்லித்தான் விழும்.

ரத்த சொந்தம் மட்டுமில்லை. அடுத்த தெருவோடும் ஊர் முறை உண்டு. எந்தத் தெருவோடு முறை கிடையாது என்பதும் பிள்ளைகளுக்குத் தெரியும். அந்தப் பிரிவினையைப் பெரியவர்கள் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள், எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும். சஞ்சுக்தாவை யாரும் வெறுக்கவில்லை. அவளை என்னவென்று கூப்பிடுவது என்று தெரியவில்லை. கூப்பிட முடியாத ஆளிடம் எப்படிப் பேசுவார்கள்? அவள் வாய் திறக்காதது ஒரு பக்கம். அவளிடமும் யாரும் வாய் திறக்கவில்லை.

முடிச்சை அவிழ்த்தவள் முத்துமாரி. வகுப்பிலேயே குட்டையான பெண். வாய் மட்டும் ஒலிபெருக்கி. அவளுடைய பெஞ்சுத் தோழி டவுனு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டதால் பக்கத்து இடம் காலி. நடுவில் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டே இருக்கிற ஒரு ஆள் சும்மா கிடைத்தால் முத்துமாரி விடுவாளா? சஞ்சுக்தாவைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்து அறிவித்தாள்.

“டீச்சர், இவ இனிமே எனக்குத் தங்கச்சி.”

“உன்னவிட ஒரு முழம் ஒசரமா இருக்கா. அவதான அக்கா?”

“ஒசரம் வேற, முறை வேற டீச்சர்” என்றாள், எனக்கு விவரம் பத்தாது என்கிற குரலில்.

அவ்வளவுதான். வகுப்பு முழுக்கக் கணக்குப் போட ஆரம்பித்தது. முத்துமாரி பாண்டியின் அப்பாவுக்குச் சித்தப்பா மகள். அதனால் பாண்டிக்கு அத்தை. அத்தையின் தங்கச்சியும் அத்தை. செல்வியின் அம்மாவுக்கு முத்துமாரி தங்கச்சி முறை. அப்போது செல்விக்கு இவள் சின்னம்மா. கணக்கு சார் மாதக்கணக்கில் தலைகீழாக நின்றும் வராத வேகம். முறை வராத தெருப் பிள்ளைகள் இரண்டு பேர் ஓரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முத்துமாரி அவர்களையும் விடவில்லை. “இவ வெளியூர்க்காரி. இவளுக்கு நம்ம ஊரு தெருக் கணக்கெல்லாம் கெடையாது. உங்களுக்கும் அத்தைதான், போங்க.” எனக்கு அவளை அப்படியே தூக்கிக் கொஞ்ச வேண்டும் போலிருந்தது.

பாடப் புத்தகத்தில் அப்போது குடும்பம் பற்றிய பாடம். ‘திஸ் இஸ் மை அங்கிள்’ என்று படம் காட்டிச் சொல்ல வேண்டும். படம் எதற்கு? வகுப்பிலேயே நிஜ அங்கிள்கள் இருக்கிறார்கள். எழுந்து ஆளைத் தொட்டுச் சொல்லுங்கள் என்றேன். அத்தையும் ஆண்ட், சின்னம்மாவும் ஆண்ட் என்று சொன்னபோதுதான் வகுப்பு அதிர்ந்துபோனது.

“எல்லாத்துக்கும் ஒரே பேரா? அப்ப வெள்ளக்காரன் யாரக் கட்டிக்கிடலாம், யாரக் கட்டிக்கிடக் கூடாதுன்னு எப்பிடி டீச்சர் கண்டுபிடிப்பான்?” என்று கேட்டான் பாண்டி.

பயிற்சியாளர் மாதிரி நானும் ‘நல்ல கேள்வி’ என்று சொல்லிவிட்டேன்.

குடை பிடித்த எழுத்து

அந்த அறையில் இங்கிலீஷ் யாருக்கும் சொந்தமில்லை. பாண்டியும் அதில் தடுமாறுவான், சஞ்சுக்தாவும் தடுமாறுவாள், சமயத்தில் நானும். அதனால் இங்கிலீஷ் பீரியடில் மட்டும் அவள் மற்றவர்களுக்குச் சமமாக நின்றாள். கரும்பலகையை மூன்றாகப் பிரித்தேன். தமிழ், இங்கிலீஷ், மூன்றாவது கட்டம் காலி. சாக்பீஸை அவளிடம் நீட்டினேன்.

எழுந்து வந்தாள். ‘தண்ணீர்’, ‘வாட்டர்’ என்று நான் எழுதியதற்குப் பக்கத்தில் அவளுடைய எழுத்தில் மளமளவென்று எழுதினாள். எழுதிவிட்டு மெதுவாக, “பாணி” என்றாள். பிறகு நிறுத்தவில்லை, கட்டம் நிறையும்வரை வேறு வேறு வார்த்தையாக எழுதிக்கொண்டே போனாள்.

எழுத்தே தெரியாது என்று நாங்கள் நினைத்திருந்த பிள்ளை, அவள் ஊரில் ஐந்தாம் வகுப்பு முடித்தவள். எழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது. வகுப்பே வாயைப் பிளந்தது.

“டீச்சர், எல்லா எழுத்தும் குடை பிடிச்சிருக்கு!” என்றாள் செல்வி.

உண்மைதான். முக்கால்வாசி எழுத்துகளின் தலையில் வளைவாக ஒரு குடை. மழையே பெய்யாத ஊரில் அன்று கரும்பலகை முழுக்கக் குடை.

அதற்குப் பிறகு தமிழ் அவளுக்கு எங்கிருந்து ஏறியது தெரியுமா? திட்டுவதிலிருந்து. அத்தை என்றால் மருமகன் காதைத் திருகலாம். உரிமையைக் கொடுத்துவிட்டு வார்த்தையைக் கொடுக்காமல் இருந்தால் நியாயமா? முத்துமாரி குறையில்லாமல் கொடுத்தாள். தண்ணீர்க் குழாயடியில் முண்டினால், ‘ஏலே, வரிசையில வா.’ ரப்பரை எடுத்தால், ‘எடுபட்ட பயலே, குடு.’ என் பாடப் புத்தகம் ‘குட் மார்னிங்’ என்று ஆரம்பிக்கிறது. அதைச் சொல்லி இந்தப் பூமியில் யாருக்கு ஒரு ரப்பர் திரும்பக் கிடைத்திருக்கிறது?

ஆனால் இதெல்லாம் குழாயடியில், குசுகுசுவென்று. பெரியவர்கள் வந்துவிட்டால் பழையபடி வாய் பூட்டிக்கொள்ளும். தலைமையாசிரியர் முன்னால் அவள் இன்னும் கை தூக்கும் பிள்ளைதான். அந்த நிலைமையில்தான் அதிகாரி வந்து, ‘ஹூ இஸ் ஷி’ என்று கேட்டார்.

ஆய்வு

“என்ன சார், பிள்ளைங்களுக்கு மனப்பாடம் பண்ணிக் குடுத்து வச்சிருக்கீங்களா? எதக் கேட்டாலும் ஆண்ட்டா?” அதிகாரியின் குரல் ஏறியது.

“அது வந்து சார்…” என்றார் தலைமையாசிரியர். அது வரவில்லை.

பாண்டிக்குப் பொறுக்கவில்லை. “நான் சொல்றேன் சார். இவுக முத்துமாரி அத்தைக்குத் தங்கச்சி சார். முத்துமாரி அத்தை எங்க அப்பாவோட சின்னத் தாத்தா மக… இல்ல, எங்க அப்பாவோட அப்பா இருக்காகல்ல, அவுக தம்பி…” என்று ஆரம்பித்தான். அவனைத் திருத்த நான்கு பேர் எழுந்தார்கள். நான்கு பேரைத் திருத்த முத்துமாரி எழுந்தாள். வகுப்பு சந்தைக்கடையானது.

“ஏலே பாண்டி! எடுபட்ட பயலே, உக்காரு! சாரு பேசிக்கிட்டு இருக்காகல்ல!”

கணீரென்ற குரல். சஞ்சுக்தா எழுந்து நின்றிருந்தாள். பாண்டி சட்டென்று உட்கார்ந்தான். அவன் உட்கார்ந்ததைப் பார்த்து, நின்றிருந்த எல்லாரும் உட்கார்ந்தார்கள். அதிகாரியே பக்கத்தில் நாற்காலி இருக்கிறதா என்று பார்த்தார்.

“தமிழ் தெரியாத பிள்ளைன்னு நீங்க சொன்னது இதுவா?” என்று தலைமையாசிரியரிடம் கேட்டார்.

எனக்கு உள்ளுக்குள் வெடி போட்டது. ஆனால் தலைமையாசிரியர் விடவில்லை. “வையிறதுக்குப் பழகியிருக்கு சார். வாசிக்கச் சொல்லிப் பாருங்க, ஒண்ணாப்புலதான் உக்கார வைக்கணும்.”

வாசிக்கச் சொன்னார்கள். ஒரு வரியை எழுத்து எழுத்தாகக் கூட்டினாள். பாதியில் நின்றுவிட்டாள். அதிகாரியின் முகம் பழையபடி ஆனது.

“அவளுக்கு எழுத்து தெரியும் சார். நம்ம எழுத்துதான் புதுசு” என்று சொல்லி, கரும்பலகையின் மூன்றாவது கட்டத்தைக் காட்டினேன். பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். போனில் ஒரு படமும் எடுத்துக்கொண்டார். பிறகு, “நான் ரிப்போர்ட்டுல ஒண்ணும் எழுதல. எங்க உக்கார வைக்கிறதுங்கிறத நீங்களே முடிவு பண்ணிக்கங்க” என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டுப் போனுக்குள் புகுந்துவிட்டார்.

தலைமையாசிரியர் அவளிடம் போனார். கோபமெல்லாம் இல்லை, கனிவாகத்தான் கையை நீட்டினார். “வா பாப்பா. ஒண்ணாப்புல சாரே கொண்டுபோயி விடுறேன். அங்க போயி நல்லாப் படிச்சிட்டு வருவியாம்.”

முத்துமாரி அழத் தொடங்கிவிட்டாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். எந்த மொழியிலும் ஒன்றும் வரவில்லை.

சஞ்சுக்தா பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“நான் போக மாட்டேன், பெரியப்பா.”

முத்துமாரிக்கு அவர் பெரியப்பா. அக்காவுக்குப் பெரியப்பா என்றால் தங்கச்சிக்கும் பெரியப்பாதானே? இந்தக் கணக்கை அவளுக்கு யாரும் போட்டுக் காட்டவில்லை. அவளாகவே போட்டு வைத்திருந்தாள்.

தலைமையாசிரியரின் நீட்டிய கை அப்படியே நின்றது. முகம் சிவந்தது. அதிகாரி போனிலிருந்து தலையைத் தூக்கினார். போச்சு என்று நினைத்தேன்.

“கேட்டுக்குள்ள வந்துட்டா சாருன்னுதான் கூப்புடணும்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்?” என்று அதட்டினார்.

அவளிடம் அவர் ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லை. முத்துமாரியிடம் சொல்வார், பாண்டியிடம் சொல்வார். சொந்த வீட்டுப் பிள்ளைகளை மட்டும் வையும் வசவு அது.

“சரி, சார்” என்றாள் சஞ்சுக்தா.

“போ. போயி உன் எடத்துல உக்காரு.”

அவள் முத்துமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.